மாற்றுத்திறனாளிகளான எங்கட ஆக்களைப் படம் கீறுவது எப்படி

நீங்கள் கீறப்போகிறவர் வீல் செயாரில் இருக்கிறார் என்றால் நீங்களும் இருந்துதான் கீற வேண்டும். நின்றுகொண்டு கீறினால் உச்சந்தலையும் தோளும் பெருத்துவிடும், கண் உங்களை அண்ணாந்து பார்க்கும், படத்தைப் பார்க்கிறவருக்கு முதலில் "ஐயோ பாவம்" என்ற நினைப்புத்தான் வரும். அவருடைய கண் எந்த மட்டத்தில் இருக்கிறதோ உங்கள் கண்ணும் அந்த மட்டத்துக்கு வரவேண்டும். ஒரு சாண் கீழே இருந்தால் இன்னும் நல்லது. பாயில் இருக்கிறவரைக் கீறுவதென்றால் நீங்களும் பாயில் இருங்கள். படுத்த படுக்கையாக இருக்கிறவரென்றால் கட்டில் உயரத்துக்கு ஒரு முக்காலியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்பெயின் அரண்மனை ஓவியர் வெலாஸ்கெஸ் 1640களில் செபஸ்தியான் டி மோரா என்ற உயரம் குன்றிய மனிதரைக் கீறினார். மோராவின் வேலை அரண்மனைக்காரரைச் சிரிக்க வைப்பது. படத்தில் அவர் வெறும் நிலத்தில், இரண்டு காலையும் முன்னால் நீட்டிக்கொண்டு இருக்கிறார். பார்வை மட்டும் நேரே எங்கள் கண்ணுக்குள் வருகிறது. மட்ரிட்டில் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தப் படத்தைப் பார்த்து யாருக்கும் சிரிப்பு வராது. ஓவியர் தன் கண்ணைக் கீழே இறக்கினதால் வந்த மாற்றம் அது. நான் சொல்லப்போகிற மிச்சம் எல்லாம் இதிலிருந்துதான் தொடங்குகிறது.

நான் திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப் போனது. நடக்கத் தொடங்கின நாளிலிருந்து கலிப்பர்தான், காலைத் தாங்குகிற உருக்குப் பட்டை. இலங்கையில் கடைசி இளம்பிள்ளை வாதம் 1993இல் பதிவானது, அதனால் எனக்குப் பின்னால் கலிப்பரோடு வளர்ந்த பிள்ளைகள் இங்கே குறைவு. பெரியபிள்ளை ஆனபோது படம் எடுக்க அம்மா என்னை ஒரு ஸ்ரூடியோவுக்குக் கூட்டிப்போனார். படம் எடுக்கிறவர் என்னை வடிவாகப் பார்த்துவிட்டு, மூலையில் இருந்த பூச்சாடியைத் தூக்கிவந்து என் இடது காலுக்கு முன்னால் வைத்தார். அம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் படம் இன்னும் வீட்டில் மாட்டிக் கிடக்கிறது: நான், பட்டுப் பாவாடை, பிளாஸ்டிக் ரோசாப்பூ.

எங்கள் ஆட்களின் படங்கள் எங்கே போனாலும் இரண்டு விதமாகத்தான் கிடைக்கும். ஒன்று பூச்சாடிப் படம், குறை தெரியாமல் மறைத்தது. மற்றது நன்கொடை கேட்கிற பதாகைப் படம், குறையை மட்டும் காட்டினது. மூன்றாவதாக ஒரு படம் வேண்டும். அதில் இருக்கிறவர் தானே முடிவெடுத்து, தன் காலோ கோலோ கதிரையோ எல்லாவற்றோடும், தன் ஊரில் தன் இடத்தில் இருக்க வேண்டும். 2012 குடிசன மதிப்பீட்டின்படி ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 8.7 வீதம் பேர், பதினாறு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், ஏதோ ஒரு விதத்தில் மாற்றுத்திறனாளிகள். இத்தனை பேர் இருக்கிற நாட்டில் சுவர்களில் தொங்குகிற படங்களில் எங்களைக் காணவில்லை.

பென்சிலை எடுக்க முதல்

முதலில் கதையுங்கள். தேத்தண்ணி குடித்துக்கொண்டு, அவசரப்படாமல். சிகாகோவில் றிவா லேஹரர் என்ற ஓவியர் இருக்கிறார். முதுகுத்தண்டுக் குறைபாட்டோடு பிறந்தவர். 1997இலிருந்து மாற்றுத்திறனாளிக் கலைஞர்களையும் செயற்பாட்டாளர்களையும் கீறிவருகிறார். அவர் முதலில் ஆட்களோடு நெடுநேரம் கதைப்பார். படத்தில் என்ன வரவேண்டும் என்பது அந்தக் கதையிலிருந்துதான் பிறக்கும். நானும் அதே வழியில்தான் செய்கிறேன். நான் கேட்கிற கேள்விகள் எளியவை. எங்கே இருந்து கீறுவோம்? எந்த உடுப்பு? கையில் என்ன இருக்க வேண்டும்? எது படத்தில் வரவே கூடாது? கடைசிக் கேள்வியை மறக்கக் கூடாது, ஆட்களின் மனம் திறப்பது அதில்தான்.

திருக்கடலூரில் வலை பொத்துகிற ஒரு அண்ணாவைக் கீறினேன். போர்க்காலத்தில் முழங்காலுக்குக் கீழே கால் போனவர், ஜெய்ப்பூர் கால் என்ற ரப்பர்ச் செயற்கைக் கால் போட்டிருக்கிறார். நான் வலையையும் கையையும் முகத்தையும் மனதில் வைத்துக்கொண்டு போனேன். அவர் சாரத்தை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிக்கொண்டு வந்து இருந்தார். "காலை வடிவாக் கீறுங்கோ தங்கச்சி. ரப்பர் எண்டாலும் என்ர கால்தான்" என்றார். அந்தப் படத்தின் நடுவில் இப்போது கால்தான் இருக்கிறது.

கிண்ணியா ராத்தா ஒருவரின் கதை வேறு. தையல் வேலை செய்கிறவர். இரண்டு காலும் இயங்காது, அதனால் மிதி மெசினை விட்டுவிட்டுக் கையால் சுற்றுகிற மெசின் வைத்திருக்கிறார். முகத்தைக் கீற வேண்டாம் என்றார். "முகம் இல்லாமல் என்ன உருவப்படம்" என்று ஒருவரும் நினைக்கத் தேவையில்லை. பின்னாலிருந்து கீறினோம். குனிந்த முதுகு, சுற்றுகிற வலது கை, சீத்தைத் துணியை நகர்த்துகிற இடது கை, மெசின் சில்லில் விழுந்த யன்னல் வெளிச்சம். அவரைத் தெரிந்த எவரும் கண்ட உடனே ஆளைச் சொல்லிவிடுவார்கள்.

சொல்லில் சம்மதம் வாங்கினால் போதாது, ஒரு கடதாசியிலும் எழுதுங்கள். படம் யாருக்குச் சொந்தம், எங்கெங்கே மாட்டலாம், பேஸ்புக்கில் போடலாமா, பிறகு மனம் மாறினால் என்ன செய்வது, இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். எளிய தமிழில் எழுதி வாசித்துக் காட்டுங்கள். சிங்களம் வசதியானவருக்குச் சிங்களத்தில். அறிவு வளர்ச்சி வித்தியாசமானவரைக் கீறுவதென்றால் தாயையோ தமையனையோ பார்த்துக் கதைக்க வேண்டாம், அவரைப் பார்த்துக் கதையுங்கள். ஒரு நாள் சம்மதித்தவரிடம் இன்னொரு நாளும் கேளுங்கள். விருப்பம் இல்லாதவர் வாயால் சொல்லாவிட்டாலும் முகத்தைத் திருப்புவார், எழும்பிப் போவார். அதுவும் பதில்தான்.

இருந்து தருகிறவருக்குக் காசு கொடுங்கள். அவருடைய வேலை கெடுகிறது, ஓட்டோக் காசு போகிறது. ஊரில் ஒரு நாட்கூலி எவ்வளவோ அதைக் கொடுங்கள். எங்கள் ஆட்களுக்கு எல்லோரும் தருகிறது பாராட்டும் பிஸ்கட் பெட்டியும்தான். கூலி வாங்கிக்கொண்டு இருந்தவர் "இந்தப் பக்கத்தால கீறாதேங்கோ" என்று தயங்காமல் சொல்வார்.

சாமான்கள்

புத்தகக் கடையில் விற்கிற கன்வஸ் விலை கூட. நான் ஹார்ட்போர்ட் பலகையில் காடாத் துணி ஒட்டிக் கீறுகிறேன். தச்சர்கள் பாவிக்கிற வெள்ளைப் பசையைத் தண்ணீர் விட்டு இளக்கிப் பலகையில் பூசி, துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டுங்கள். காய்ந்த பிறகு வெள்ளை எமல்சன் பெயின்ற் இரண்டு தரம், இடையில் அரத்தாளால் இலேசாகத் தேய்த்து. பலகையின் பின்பக்கத்துக்கும் ஒரு பூச்சுக் கொடுங்கள், கொடுக்காவிட்டால் மாரி காலத்தில் ஈரத்தை உறிஞ்சி வளையும். இரண்டடிக்கு மூன்றடி நல்ல அளவு. இதற்குச் சின்னதில் கீறினால் வீல் செயாரும் ஆளும் சேர்ந்து பொம்மை அளவுக்குச் சுருங்கிவிடும்.

அக்ரிலிக் வர்ணம் போதும். வெள்ளை, யெலோ ஓக்கர், பேர்ன்ட் சியன்னா, பேர்ன்ட் அம்பர், அல்ட்ராமரின் நீலம், ஒரு சிவப்பு. கறுப்பு வாங்க வேண்டாம், காரணம் கீழே வரும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் திருகோணமலையில் வர்ணம் தட்டிலேயே காய்ந்துபோகும். தட்டில் ஈரத்துணி விரித்து, அதற்கு மேல் குசினியில் பாவிக்கிற எண்ணெய்க் கடதாசியைப் போட்டு அதில் கலவுங்கள். தண்ணீர் தெளிக்கிற போத்தல் ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும்.

இருக்கிற நேரமும் வெளிச்சமும்

காலை ஏழிலிருந்து ஒன்பது வரை விறாந்தை வெளிச்சம் நல்லது. அதற்குப் பிறகு கடலும் வெள்ளை மணலும் கீழிருந்து வெளிச்சத்தை அடிக்கும், நாடிக்குக் கீழே நிழல் விழாது, முகம் தட்டையாகிவிடும். சிலர் இதையே விரும்பிக் கேட்பார்கள். சுவாமி மலையும் கடலும் பின்னால் தெரிய டச் பே கரையில் இருக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னால் அங்கேதான் போக வேண்டும். போகும்போது இரண்டு பலகைத் துண்டு கொண்டுபோங்கள், வீல் செயார் சில்லு மணலில் புதையும்.

முள்ளந்தண்டில் அடிபட்டவர்கள் ஒரே இருப்பில் நெடுநேரம் இருக்கக் கூடாது. பதினைந்து நிமிடத்திலிருந்து அரை மணித்தியாலத்துக்குள் ஒருமுறை உடம்பைத் தூக்கி, சாய்ந்து அழுத்தத்தை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் படுக்கைப் புண் வரும், அந்தப் புண்ணில் உயிர் போனவர்களும் இருக்கிறார்கள். அதனால் இருபது நிமிடம் கீறுங்கள், பிறகு நிற்பாட்டுங்கள். அவர் "பரவாயில்லை" என்று சொன்னாலும் நிற்பாட்டுங்கள். எங்கள் ஆட்கள் பரவாயில்லை என்று சொல்லிப் பழகினவர்கள். மலசலகூடம் எங்கே, கதவால் கதிரை நுழையுமா என்பதை நீங்கள் முன்கூட்டியே பார்த்துவைத்திருக்க வேண்டும்.

மூளை முடக்குவாதம் உள்ள ஒரு தம்பியைக் கீறினேன். தலையும் கையும் ஓயாமல் அசையும். தாய் பின்னாலிருந்து தலையைப் பிடித்துக்கொள்ள வந்தார். "பிடிக்க வேண்டாம் அக்கா, அவர் பாட்டுக்கு இருக்கட்டும்" என்றேன். அசைகிறவரைக் கீறுவதற்கு வழி இருக்கிறது. முதலில் வேகமாகச் சின்னச் சின்னக் கோட்டுப் படங்கள் போடுங்கள், ஒவ்வொன்றும் அரை நிமிடம். கொஞ்ச நேரத்தில் ஒன்று பிடிபடும்: தலை எங்கே போனாலும் திரும்பத் திரும்ப வருகிற ஒரு சாய்வு இருக்கும். அதுதான் அவருடைய சாய்வு. பலகையில் அதைக் குறித்துவிட்டு, தலை அங்கே வரும்போது மட்டும் பார்த்துக் கீறுங்கள். மற்ற நேரத்தில் உடுப்பையும் கதிரையையும் கவனியுங்கள். அந்தத் தம்பி கதைக்க மாட்டார், சின்னச் சின்னப் படங்கள் ஒட்டின பலகையில் வேண்டியதைக் கண்ணால் காட்டுவார். பின்னால் என்ன வேண்டும் என்று கேட்டபோது மான் படத்தைக் காட்டினார். திருகோணமலைக் கோட்டைக்குள் திரிகிற புள்ளிமான் இரண்டு அந்தப் படத்தில் நிற்கின்றன.

கோடு

ஓவிய வகுப்பில் உடம்பு ஏழரைத் தலை உயரம் என்று படிப்பிப்பார்கள். அந்தக் கணக்கு இங்கே வேண்டாம். தூரிகைக் காம்பை நீட்டிப் பிடித்து, பெருவிரலால் அளந்து, இவருடைய தலை எத்தனை தரம் இவருடைய உடம்பில் அடங்குகிறது என்று பாருங்கள். தோள் ஒன்று இறங்கியிருந்தால் இறங்கினபடியே வரட்டும். சரியாக்குகிற பழக்கம் கைக்குத் தானாக வரும், கவனமாக இருங்கள். பழகின கை இரண்டு கண்ணையும் சமமாக்கும், வளைந்த முதுகை நிமிர்த்தும். இடது பக்கம் எங்கே முடிகிறது, வலது பக்கம் எங்கே முடிகிறது என்று தனித்தனியாக அளந்து புள்ளி வையுங்கள்.

வீல் செயாரைக் கடைசியில் சேர்க்கக் கூடாது. ஆளும் கதிரையும் ஒரே வெளிக்கோடாக முதலில் விழ வேண்டும். பெரிய சில்லு வழமையாக 24 அங்குலம், முன் சில்லு அதில் மூன்றில் ஒரு பங்களவு. பக்கவாட்டில் நின்றால்தான் சில்லு வட்டம். சற்றுத் திரும்பினால் நீள்வட்டம். அச்சு எங்கே இருக்கிறது என்று முதலில் குறித்து, நீள்வட்டத்தின் ஒடுங்கின பக்கத்துக் குறுக்குக் கோடு அச்சின் திசையில் ஓடுகிறதா என்று பாருங்கள். அது சரியென்றால் சில்லு நிலத்தில் நிற்கும். கம்பிகள் எல்லாவற்றையும் கீற வேண்டாம். வெளிச்சம் பட்ட நாலைந்து போதும். எங்கள் ஊரில் உப்புக் காற்றுப் பட்டுக் கம்பியும் ஆணியும் கெதியாகத் துருப்பிடிக்கும். அந்தத் துரு பேர்ன்ட் சியன்னாவில் அப்படியே வரும். துருவையும் கீறுங்கள். புதிய கதிரைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கிறவரின் கதிரை அது.

கையைப் பாருங்கள். ஊன்றுகோல் பிடிக்கிறவரின் உள்ளங்கையில், பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையிலிருந்து மணிக்கட்டுப் பக்கம் வரைக்கும் தோல் தடித்து மஞ்சளித்துப் போயிருக்கும். சில்லு தள்ளுகிறவருக்குப் பெருவிரலின் உட்பக்கம் கறுத்து மினுங்கும். ஊன்றுகோலின் ரப்பர் முனை ஒரே பக்கமாகத் தேயும், அவர் எந்தப் பக்கம் சாய்ந்து நடக்கிறார் என்பதை அது சொல்லிவிடும். முகத்துக்குக் கொடுக்கிற நேரத்தை இவற்றுக்கும் கொடுங்கள்.

நிறம்

எங்கள் தோலைக் கறுப்பு வர்ணம் போட்டு இருட்டாக்கினால் கரி பூசினதுபோல் செத்துப்போகும். கறுப்பு வாங்க வேண்டாம் என்று சொன்னது இதற்குத்தான். பேர்ன்ட் அம்பரும் அல்ட்ராமரின் நீலமும் கலந்தால் ஆழமான, உயிருள்ள இருட்டு வரும். அதில் சிவப்பு ஒரு பொட்டுச் சேர்த்தால் காது மடலும் உதட்டோரமும். நெற்றியிலும் கன்ன எலும்பிலும் விழுகிற மினுக்கம் வெள்ளை என்று நினைக்காதீர்கள். வடிவாகப் பார்த்தால் அது வானத்தின் நீலம். வெள்ளையில் நீலம் துளி விட்டு வையுங்கள். அக்ரிலிக் காய்ந்தால் ஒரு படி இருண்டுவிடும், ஆகவே கலக்கும்போது நினைத்ததைவிடச் சற்று வெளிறலாகக் கலவுங்கள்.

ஜெய்ப்பூர் காலுக்கு வேறு பார்வை வேண்டும். 1968 அளவில் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் சேத்தி என்ற வைத்தியரும் கூட்டாளிகளும் உருவாக்கினது. சப்பாத்து இல்லாமல் நடக்கலாம், குந்தி இருக்கலாம், சேற்றில் இறங்கலாம். அதனால்தான் வயல்காரரும் கடல்காரரும் அதை விரும்புகிறார்கள். விரல்கள்கூட அச்சில் இருக்கும். ஆனால் உண்மைத் தோலில் குதிக்கால் சிவந்து, விரல் மூட்டு கறுத்து, நரம்பு நீலித்து என்று நிறம் மாறிக்கொண்டே போகும். ரப்பரில் ஒரே மண்ணிறம்தான் வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் ஏற்பக் கூடிக் குறையும். இந்த வித்தியாசத்தை மழுப்பாமல் கீறினால் இரண்டு காலும் பக்கத்தில் பக்கத்தில் கம்பீரமாக நிற்கும். திருக்கடலூர் அண்ணாவின் ரப்பர் விரல் இடுக்கில் மணல் ஒட்டியிருந்தது. அதையும் விடவில்லை.

கலிப்பரின் உருக்குப் பட்டைக்குத் தனி நிறம் கிடையாது. பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதை வாங்கித் திருப்பித் தரும். என்னையே நான் கீறின படத்தில் அது முழுக்கச் சீலையின் பச்சை.

காது கேளாதவரும் கண் தெரியாதவரும்

காது கேளாதவரைக் கீறும்போது பலகை உங்கள் முகத்தை மறைக்கக் கூடாது. பலகை நிற்கிற சட்டத்தைப் பக்கவாட்டில் வையுங்கள். கதைப்பதென்றால் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்துக் கதையுங்கள், வெளிச்சம் உங்கள் முகத்திலும் விழட்டும். சைகை தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிவாருங்கள், வீட்டார் தலையில் அந்த வேலையைக் கட்ட வேண்டாம். சைகையில் கதைக்கிற காது கேளாதோர் பலருக்கும் தங்களுக்குள் ஒரு சைகைப் பெயர் உண்டு. நான் கீறின தங்கச்சி தன் சைகைப் பெயரைக் காட்டுகிற கையோடு படத்தில் இருக்கிறாள். கை அசைவதைக் காட்ட, அசைவு தொடங்குகிற இடத்தில் கையை நீர்த்த வர்ணத்தில் மெல்லியதாகவும், முடிகிற இடத்தில் முழு வர்ணத்திலும் கீறினேன்.

கண் தெரியாதவருக்குத் தன் படம் எப்படி வந்தது என்று அறிய உரிமை இருக்கிறது. தம்பலகாமத்து ஐயா ஒருவர் "எனக்கு அது வெறும் பலகைதானே பிள்ளை" என்றார். அவருக்காக வெளிக்கோடுகளை வெள்ளைப் பசையால் தடிப்பாக எழுப்பினேன். தலைமயிருக்கும் தாடிக்கும் பசையில் மணல் கலந்தேன். கடல்மணல் எடுத்தால் நல்ல தண்ணீரில் பலமுறை அலசிக் காயவிடுங்கள். உப்பு இருந்தால் ஈரத்தை இழுத்து வர்ணத்தைக் கிளப்பிவிடும். சேட் வழுவழுப்பாக, வெள்ளைப் பிரம்பு நீளமான ஒரே மேடாக. ஐயா நெற்றியிலிருந்து தொட்டுக்கொண்டு வந்து பிரம்பில் கையை நிறுத்தி, அதன் நுனி வரை போனார். "நேராத்தான் பிடிச்சிருக்கிறன்" என்றார். கறுப்புக் கண்ணாடி அவர் போடுவதில்லை. போடாதவருக்கு நீங்கள் போட்டுவிடாதீர்கள்.

வெளியில் தெரியாத நிலைமையோடு வாழ்கிறவர்களும் இருக்கிறார்கள். வலிப்பு, மனநோய், ஓயாத வலி. இதைப் படத்தில் எப்படிக் காட்டுவது என்று நீங்கள் யோசிக்க வேண்டாம். காட்ட வேண்டுமா, எந்தப் பொருளால் காட்ட வேண்டும் என்பதை அவர் சொல்லட்டும். ஒருவர் மாத்திரை அட்டையைக் கையில் விசிறிபோல் விரித்துப் பிடித்தார். இன்னொருவர் ஒன்றும் வேண்டாம், பெயரும் வாசகமும் போதும் என்றார்.

வாசகமும் சுவரும்

படத்துக்குக் கீழே வருகிற எழுத்து இருக்கிறவருடைய சொந்த வாய்மொழியாக இருக்க வேண்டும். "ஊனத்தை வென்ற சிகரம்", "தன்னம்பிக்கையின் மறுபெயர்" எல்லாம் வேண்டாம். மலையேறச் சொல்லி யார் கேட்டார்கள், பஸ்ஸில் ஏற முடிந்தால் போதும். பெயர், தொழில், ஊர், பிறகு அவர் ஊரிடம் கேட்கிற ஒன்று. கிண்ணியா ராத்தாவின் வாசகம் இது: "தைத்துத் தருவேன், கூலி பேசி வாங்குவேன். வங்கிப் படியில் என்னைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், சாய்வுப்பாதை போடுங்கள்." படம் ஆளை நிறுத்துகிறது, வாசகம் வேலையைச் சொல்கிறது. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் பெரிய எழுத்தில் போடுங்கள். பிரெயிலிலும் அடித்து, கை எட்டுகிற உயரத்தில் ஒட்டுங்கள்.

கண்காட்சிகளில் படத்தின் நடு ஐந்தடிக்குக் கிட்ட வரும்படி மாட்டுவார்கள். அது நிற்கிறவரின் கண். நீங்கள் நாலடியில் மாட்டுங்கள். நிற்கிறவர்கள் கொஞ்சம் குனியட்டும். மண்டபத்தைப் பார்க்கப் போகும்போது அளவு நாடா கொண்டுபோங்கள். கதவு திறந்தால் 32 அங்குலமாவது இடைவெளி வேண்டும். சாய்வுப்பாதை ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம். வாசலில் ஆறு அங்குலப் படி மூன்று இருந்தால் பதினெட்டடிப் பாதை. இரண்டு பலகையைச் சரித்து வைத்துவிட்டு வசதி இருக்கிறது என்று சொல்ல முடியாது. சில்லுக்காரர் திரும்ப ஐந்தடி வட்டம் வேண்டும், கதிரைகளை அடுக்கும்போது அதை விட்டு அடுக்குங்கள். மண்டபக்காரர் சம்மதிக்காவிட்டால் வேறு மண்டபம் பாருங்கள். படத்தில் இருக்கிறவர் வர முடியாத இடத்தில் அவருடைய படத்தை மாட்டக் கூடாது, இதில் விட்டுக்கொடுப்பு இல்லை.

நாள் பார்ப்பதென்றால், யூலை மாதத்தைப் பல நாடுகளில் மாற்றுத்திறனாளிகள் பெருமை மாதமாகக் கொண்டாடுகிறார்கள். அமெரிக்காவில் அவர்களுக்கான உரிமைச் சட்டம் 1990 யூலை 26இல் கையெழுத்தானதை ஒட்டி வந்தது. கரும்பின்னணியில் சிவப்பு, பொன், வெள்ளை, நீலம், பச்சைக் கோடுகள் சரிவாக ஓடுகிற கொடி ஒன்றும் இருக்கிறது. ஆன் மகில் 2019இல் வரைந்தார். முதலில் கோடுகள் மின்னல்போல் வளைந்து பளிச்சென்று இருந்தன. திரையில் பார்க்கும்போது சிலருக்குத் தலைசுற்றும், வலிப்பு வரும் என்று அவர்களே சொன்னதும் 2021இல் நேராக்கி நிறத்தையும் தணித்தார். எங்களுக்கு டிசம்பர் 3, சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினம், பழகின நாள். ஆனால் அப்போது வாடைக் காற்றும் மழையும். யூலையில் கீறத் தொடங்கி, மழை தொடங்க முதல் கடைசிப் பூச்சு வார்னிஷையும் அடித்து முடியுங்கள். ஈரக் காற்றில் வார்னிஷ் அடித்தால் பால்போல் வெளுத்துவிடும், பலகையில் பூஞ்சணமும் பிடிக்கும்.

கண்காட்சிக்கு வருகிற அதிகாரிகளுக்குப் பொன்னாடை போர்த்திப் பேச விட்டால் நேரம் போய்விடும். ஒவ்வொரு படத்துக்குப் பக்கத்திலும் படத்தில் இருக்கிறவர் இருக்கட்டும், அதிகாரி அவரோடு கதைக்கட்டும். கையில் கடிதம் தயாராக இருக்க வேண்டும். 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம் எங்கள் உரிமையைப் பாதுகாக்க வந்தது. 2006இல் பொதுக் கட்டடங்களில் அணுகு வசதிக்கான ஒழுங்குவிதிகள் வந்தன. வீல் செயாரில் இருந்த முன்னாள் கிரிக்கெட் நடுவர் அஜித் பெரேரா உச்ச நீதிமன்றம் வரை போய் 2009இல் அதை வலுப்படுத்துகிற உத்தரவு வாங்கினார். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சாசனத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது. அதன் 30ஆம் உறுப்புரை கலையிலும் பண்பாட்டிலும் எங்களுக்குள்ள இடத்தைச் சொல்கிறது. இவ்வளவையும் கடிதத்தில் நாலு வரியில் எழுதுங்கள். பிறகு ஒரே ஒரு கோரிக்கை: இந்த வங்கியில், இந்தப் படியில், சாய்வுப்பாதை. பொதுவாக "வசதி செய்து தரவும்" என்று எழுதின கடிதத்துக்குப் பொதுவான பதில்தான் வரும். படத்தின் பிரதியைக் கடிதத்தோடு இணைத்து, பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தரிடம் ஒன்று, வங்கிக்கோ பாடசாலைக்கோ ஒன்று, உங்கள் கோவையில் ஒன்று. கொடுத்த திகதியையும் வாங்கினவரின் கையெழுத்தையும் உங்கள் பிரதியில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கண்காட்சி முடிந்ததும் மூலப்படம் இருந்தவரின் வீட்டுக்குப் போகட்டும், ஆணியும் சுத்தியலும் நீங்களே கொண்டுபோய், அவர் காட்டுகிற சுவரில், அவர் சொல்கிற உயரத்தில் அடித்துக் கொடுங்கள். அடுத்து யாரைக் கீறலாம் என்றும் அங்கேயே அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.